பாதத்தை யார் பார்ப்பது?

சர்க்கரை வியாதிக்காரரின் பாதப் பராமரிப்புக்கான சிகிச்சை வழிகாட்டியைத் திருத்திய குழுவில் நானும் இருந்தேன். வைத்தியம் படித்தவனல்ல. யட்டியாந்தோட்டைப் பக்கத்து ரப்பர் தோட்டமொன்றில் கிளார்க்கராக இருந்து ஓய்வுபெற்றவன். என் ஒரே தகுதி இனிப்பான இரத்தம். எங்கள் கிளினிக் டொக்டர், யாழ்ப்பாணத்துப் பிள்ளை, ஒருநாள் சொன்னார்:

“ஐயா, குழுவுக்கு ஒரு நோயாளியும் வேணுமாம். இந்த வரிசையில நிண்டு கதைக்கிறதை அங்க போய்க் கதையுங்கோ. எங்களுக்கும் கொஞ்சம் நிம்மதி.”

கூட்டம் கைபேசியில் நடக்கும். மனைவி செத்து, மகள் டுபாய்க்குப் போனபிறகு, என் வீட்டில் நாலு பேர் குரல் கேட்பது அன்றைக்குத்தான். சவரம் செய்து, சட்டையை அயன் பண்ணி மாட்டிக்கொள்வேன். இடுப்பில் கட்டியிருப்பது சாரம்தான், அது திரையில் தெரியாது.

மருந்துக் கம்பனிகளிடம் ஏதும் வாங்குகிறீர்களா என்று ஆரம்பத்திலேயே எல்லோரிடமும் கேட்டார்கள். “பேக்கரிக்காரரு சில நாளைக்கு கிம்புலா பனிஸ் சும்மா தர்றாருங்க” என்றேன். சீனி தூவிய அந்தப் பனிசை நினைத்து எல்லோரும் சிரித்தார்கள். அன்றிலிருந்து நான் வாய் திறந்தாலே சிரிப்புத்தான்.

வேலை மெதுவாக நடந்தது. பழைய வழிகாட்டியின் ஒரு வரியை எடுப்பார்கள். அதற்குப் பிறகு வந்த ஆய்வுகளைத் தேடுவார்கள். ஆதாரம் பலமானதா, பலவீனமானதா என்று வாதாடி, கடைசியில் கை உயர்த்துவார்கள். ஒரே வரிக்கு ஒரு பின்னேரம் முழுக்கப் போனதும் உண்டு. எனக்கென்ன, இன்னும் இழுத்தால் சந்தோஷம்தான்.

அப்படி வந்தது அந்த வரி: ‘பாதத்தின் அடிப்பகுதியை வீட்டிலுள்ள ஒருவர் தினமும் பார்க்க வேண்டும்.’

“நோயாளர் பக்கத்துல ஏதும் சொல்ல இருக்கா?” என்று குழுத் தலைவியான பேராசிரியை கேட்டார்.

“எங்க வீட்டுல ஒரு பல்லி இருக்குங்க மேடம். அதுகிட்ட சொல்லிப் பாக்குறேன்.”

சிரித்து முடிந்ததும் வரி நிறைவேறியது. எல்லா வரிகளும் முடிந்தபின் வரைவைப் பல ஆஸ்பத்திரிகளுக்கும் கருத்துக் கேட்டு அனுப்பினார்கள்.

அடுத்த கிளினிக் நாளில் சிங்களத் தாதி செருப்பைக் கழற்றச் சொன்னார். இடது செருப்பு கழன்றது. வலது செருப்பு பாதத்தோடு ஒட்டிக்கொண்டு வர மறுத்தது. கலண்டர் மாட்டிய அன்று நான் வீடு முழுக்கத் தேடிய ஆணி அங்கேதான் இருந்தது.

“அனே! மாத்தயாவுக்கு வலிக்கலியா?”

“இல்லியே மிஸ்.”

“கெதர கவுருத் நெத்த? வீட்டுல பாக்க ஆள் இல்லையா?”

பல்லி நாக்கு நுனிவரை வந்தது. “இல்ல மிஸ்” என்று மட்டும் சொன்னேன்.

கடைசிக் கூட்டம் வந்தது. வெளியிலிருந்து வந்த கருத்துகளைப் பார்த்தாயிற்று, இனி ஒப்புதல்தான். நான் கை தூக்கினேன்.

“மேடம், அந்தப் பாத வரி. எங்க வீட்டுல யாருமே இல்லீங்க.”

“பல்லி எங்க போச்சு?” என்றார் ஒரு டொக்டர். சிரித்தார்கள்.

“நெசமாத்தாங்க.”

இன்னும் பலமாகச் சிரித்தார்கள். நான் வளர்த்த சிரிப்பு, யாரைக் குறை சொல்ல? கைபேசியைத் தண்ணீர்ச் செம்பில் சாய்த்து வைத்தேன். சாரத்தைப் பத்திரமாகச் செருகிக்கொண்டு, கட்டுப்போட்ட பாதத்தைத் தூக்கித் திரைக்கு நேரே காட்டினேன். பெரிய மனிதர்கள் முன்னால் காலைக்கூட நீட்டாதவன் நான்.

சிரிப்பு நின்றது.

“ஆணி ஏறி எத்தன நாளுன்னு எனக்கே தெரியாதுங்க. தோட்டத்து லயத்து வீடுகள்லயும் இப்புடி நெறைய பேரு இருக்காங்க. புள்ளைங்கெல்லாம் கொழும்புல, வெளிநாட்டுல.”

பேராசிரியை கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “தனியா இருக்கிறவங்களப் பத்தி நாங்க தேடவே இல்ல” என்றார்.

ஒப்புதல் ஒரு கூட்டம் தள்ளிப்போனது. தேடினார்கள். கிடைத்த ஆதாரம் பலவீனம், ஆனால் செய்வதால் கெடுதல் இல்லை என்று முடிவாகி, வரியோடு இதையும் சேர்த்தார்கள்: ‘தனியாக வாழ்பவர்கள் கண்ணாடியில் பார்க்கலாம். ஒவ்வொரு கிளினிக் வருகையிலும் தாதி பாதத்தைப் பார்க்க வேண்டும்.’ நானும் கை உயர்த்தினேன். அத்தோடு குழு கலைந்தது. இனி அடுத்த திருத்தத்துக்குத்தான் கூடுவார்கள். அதற்குள் புதிய நோயாளி ஒருவர் கிடைத்துவிடுவார்.

வீட்டில் இருப்பது மனைவி முகம் பார்த்துப் பொட்டு வைத்த கண்ணாடி. அதில் மகாலட்சுமி இருப்பதாகச் சொல்லி, அவள் அதைத் தரையில் வைக்க விட்டதே இல்லை. இப்போது தினமும் அதை இறக்கித் தரையில் வைத்து, “மன்னிச்சுக்க” என்று சொல்லிக் காலைக் காட்டுகிறேன். சொல்வது லட்சுமிக்கா, அவளுக்கா தெரியவில்லை. குனிந்தால் பாதத்துக்குப் பக்கத்தில் என் மூஞ்சியும் தெரிகிறது. இரண்டில் பாதம் தேவலாம்.