முபஷ்ஷிராவின் கேள்வி

தன்சீல் அகமது இறந்து எழுபது நாளாகியும் அவன் மனைவி முபஷ்ஷிராவுக்கு அழுகை வரவில்லை. துக்கம் கேட்க வந்தவர்களில் ஒருத்தி கல் மனசு என்று சொன்னது அவள் காதிலும் விழுந்தது. அது பொய்யென்றும் தோன்றவில்லை, மெய்யென்றும் தோன்றவில்லை. நான்கு மாதம் பத்து நாள் வீட்டோடு இருக்கும் இத்தாவில் இருந்தாள். சோறு வடித்தாள், துணி துவைத்தாள், கேட்டால் ஓரிரு சொல்லில் பதில் சொன்னாள்.

ஆம்பூர்க்காரி. வயது நாற்பத்தொன்று. உருது மீடியத்தில் பத்தாவது வரை படித்தவள். கல்யாணத்துக்கு முன் நான்கு வருஷம் ஷூ கம்பெனியில் தைத்திருக்கிறாள். தன்சீல் தோல் கிடங்கில் ரகம் பிரிப்பவன். வீட்டில் பேச்செல்லாம் உருதுதான். கல்லூரிக்குப் போகும் இஃப்ராவுக்கும் பிளஸ் டூ படிக்கும் தபரேஸுக்கும் தமிழ் தடுமாறக் கூடாதென்று, ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாட்டோடு தமிழில் ஒரு வரலாற்றுப் பாட்காஸ்ட் போடுவான். பாடப் புத்தகத்தில் வராத சங்கதிகளாகப் பார்த்து எடுப்பான். முடிந்ததும் முறை வைத்து ஒருவர் கேள்வி கேட்க வேண்டும், மற்றவர்கள் மழுப்பாமல் பதில் சொல்ல வேண்டும், எல்லாம் தமிழில். தன் முறை வந்தால் முபஷ்ஷிரா பாத்திரம் கழுவ எழுந்து போய்விடுவாள்.

அவன் போன பிறகும் பிள்ளைகள் அதை விடவில்லை. இந்த ஞாயிறும் போட்டார்கள். ஆனால் மறுநாள் தபரேஸ் பள்ளியை விட்டுவிட்டு அதே தோல் கிடங்கில் சேருவதாக இருந்தான். தன்சீலின் தோஸ்தான மேஸ்திரி வேலாயுதம் இடம் சொல்லி வைத்திருந்தார். பரீட்சைக்கு நான்கே மாதம். இஃப்ரா கத்திப் பார்த்தாள், பேசாமல் இருந்தும் பார்த்தாள். முபஷ்ஷிரா சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை.

அன்றைய கதை 1903 நவம்பரில் பாலாற்றில் வந்த வெள்ளம். மைசூர்ப் பக்கத்தில் ஏரி உடைந்து வந்த தண்ணீர், வாணியம்பாடியில் இருநூறு பேருக்கு மேல் அடித்துக்கொண்டு போயிருந்தது. பக்கத்து ஊர். இதுவரை ஒருவரும் அவர்களுக்குச் சொன்னதில்லை.

"அந்த ஆத்துலயா? கிரிக்கெட் பால் விழுந்தாக்கூட நனையாதே," என்றான் தபரேஸ்.

"ரெண்டாயிரத்து இருபத்தொண்ணுல வந்துச்சே. உனக்கு ஸ்கூல் லீவு வுட்டது மட்டும்தான் ஞாபகம்," என்றாள் இஃப்ரா.

கேள்வி அம்மாவின் முறை. எழுந்து போவாள் என்று இருவரும் காத்திருந்தார்கள். அவள் எழவில்லை.

"தபரேஸ், உனக்கு வேலைக்குப் போக புடிச்சிருக்கா?"

"அம்மி, எபிசோடுல இருந்துதான் கேக்கணும்," என்றாள் இஃப்ரா.

முபஷ்ஷிரா மகனையே பார்த்துக்கொண்டிருந்தாள். தட்டில் ஒட்டியிருந்த சோற்றைச் சுரண்டிக்கொண்டே அவன் பிடிக்கவில்லை என்றான். அப்புறம் ஏன் என்று கேட்டாள்.

"வூட்ல இருக்க முடியல அம்மி. அப்பா மவுத்தாய்ட்டாரு. நீயும் போய்ட்ட மாதிரி இருக்குது. அங்க போனா நாலு பேரு சத்தமாவது கேக்கும்."

குடும்பத்தைத் தாங்கப் போகிறான் என்று தெருவே அவனை மெச்சியிருந்தது. அவளும் அப்படித்தான் நினைத்திருந்தாள். இப்போதாவது நெஞ்சுக்குள் ஏதாவது உடையும் என்று பார்த்தாள். ஒன்றும் உடையவில்லை. இஃப்ராவிடம் வேலாயுதத்துக்குப் போன் போடச் சொன்னாள்.

"அண்ணா, தபரேஸ் நாளைக்கு வரமாட்டான். ஸ்கூலுக்குப் போறான். இத்தா முடிஞ்சதும் நான் வேலைக்குப் போறேன். தையல் எங்கயாவது இருந்தா சொல்லுங்க."

அவர் என்னவோ கேட்டார். ஆமாம் என்று சொல்லிவிட்டு வைத்தாள்.

"என்னை ஒரு வார்த்தை கேக்கலியே," என்றான் தபரேஸ்.

"கேட்டேன். நீதான் புடிக்கலன்ன."

அவன் தட்டைத் தள்ளி வைத்தான். இனிமேல் பேசுவாயா என்றான்.

"பேச்சு வரல தபரேஸ். நீ கேளு, நான் பதில் சொல்றேன்."

ராத்திரிக்கு என்ன என்று உடனே கேட்டான். தால்ச்சா என்றாள். சற்றுப் பொறுத்து, மத்தியானச் சோறும் மீதி இருக்கிறது, பசித்தால் அதையும் சாப்பிடலாம் என்றாள்.