விட்டு விட்டு வந்த சத்தம்

வருசநாட்டு மலையில் மரம் வெட்டும் கூப்பிலிருந்து இறங்கி, கடமலைக்குண்டைத் தாண்டி வேகமாக நடந்துகொண்டிருந்தேன். கூப்பில் வாந்திபேதி. அன்று விடியலில் என் பக்கத்துப் பாயில் கிடந்தவன் போய்விட்டான். அவனுடைய கடைசி மூச்சு விட்டு விட்டு வந்தது. இரண்டு இழுப்பு, பிறகு ஒன்றுமில்லை, பிறகு இன்னொன்று. உச்சி வெயிலில், ரோட்டுத் திருப்பத்துக்கு அப்பாலிருந்து அதே கணக்கில் ஒரு சத்தம் வந்தது. என் கால் நின்றுவிட்டது.

அங்கே இருந்தது ஒரு பழைய சீமை மோட்டார் சைக்கிள். அதை உதைத்துக்கொண்டிருந்தவர் தேனிப் பக்கத்து ஆஸ்பத்திரிக் கம்பவுண்டர். பின்னால் கிணற்றில் போடும் மருந்துப் பெட்டி. மலையடி ஊர் ஒன்றில் பேதி பரவிவிட்டது, குடிக்க அங்கே ஒரே கிணறு, விடியுமுன்னே கிளம்பியும் வண்டி வழிநெடுக அடைத்து அடைத்து நிற்கிறது என்றார்.

நான் கூப்பு லாரியில் கிளீனராக இருந்தவன். பெட்ரோல் சரியாக இறங்கியது. பிளக்கைக் கழற்றி இன்ஜின்மேல் சாய்த்துவைத்து உதைக்கச் சொன்னேன். பொறி இரண்டு முறை வந்தது, மூன்றாம் முறை வரவில்லை. பிளக்குக்கு மின்சாரம் தரும் மேக்னெட்டோவின் மூடியைத் திறந்தேன். அந்தப் பொட்டல் ரோட்டில் கோயில் விளக்கு அணைந்த வாசனை வந்தது. பொறியை எழுப்பும் முனைகள் எண்ணெயில் முங்கிக் கிடந்தன.

“என்னய்யா இது, நல்லெண்ணெயா?”

“குச்சனூர்ல சனிபகவானுக்கு வச்சதுல மிச்சம். வண்டி ஒருதரம் இடக்குப் பண்ணுச்சு. எங்க ஆத்தாதான் வண்டிக்கும் ஊத்தச் சொன்னாக. சனிக்கிழமை தவறாம ஊத்துறேன்.”

“நின்னதால ஊத்துனீகளா, ஊத்துனதால நின்னுச்சா?”

நான் துடைக்கப் போனபோது அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். “அவருக்கு வச்சதைத் தொடைக்கலாமாப்பா?” அவர் விரல்கள் சில்லிட்டிருந்தன. பேதி என்றதும் எல்லோரும் எதிர்த்திசையில் ஓடிய நாளில் பெட்டியோடு கிளம்பியவர் அவர். அவ்வளவு பயத்தையும் வைத்துக்கொண்டுதான் கிளம்பியிருக்கிறார் என்பது வெகுகாலம் கழித்துத்தான் எனக்கு உறைத்தது.

“நீங்க தொடைக்க வேணாம். எனக்கு ஏழரை நடந்துக்கிட்டுத்தான் இருக்கு. புதுசா என்ன வந்துறப்போகுது?”

வேட்டி முனையைப் பெட்ரோலில் நனைத்துத் துடைத்தேன். வண்டி சீராகப் பிடித்தது. மறுபடி நின்றால் ஆள் வேண்டுமென்று என்னையும் ஏற்றிக்கொண்டார். எதைவிட்டு நடந்தேனோ அந்தத் திசைக்கே திரும்பினேன்.

மோட்டார் சத்தம் கேட்டால் பிள்ளைகள் அரை மைல் ஓடிவரும் காலம் அது. நாங்கள் தெருவுக்குள் நுழைந்தும் ஒருவரும் வரவில்லை. கதவுகள் திறந்தே கிடந்தன. ஒரு வீட்டின் நடுவில் கோழி நின்று எங்களைப் பார்த்தது. கிணற்றடியில் மட்டும் ஒரு பெண் வெறுங்குடத்தோடு உட்கார்ந்திருந்தாள்.

“காலையிலேயே வருவீகன்னு சொன்னாக,” என்றாள், கோபமில்லாமல். “பொழுது ஏறுற வரைக்கும் யாரையும் தண்ணி எறைக்க விடலை. பெறகு பிள்ளைக தாகம் தாங்கலை. குடிச்சிருச்சுக.”

கம்பவுண்டர் பெட்டியைத் திறந்து மருந்தைக் கிணற்றில் கொட்டினார். தண்ணீர் ஊதாவாக மாறும்வரை நாங்கள் மூவரும் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தோம்.

அந்த ஊரில் குழி வெட்டுகிறவன் முந்தின நாளே பேதியில் போயிருந்தான். மறுநாள் காலை அந்த வேலையை நான் எடுத்துக்கொண்டேன். முதல் இரண்டும் சின்னக் குழிகள்.