டாக்டருக்கு போன் போடலாமா?

நர்ஸ் வேலையில் ஊசி போடுவது சுலபம், டாக்டருக்கு போன் போடுவதுதான் கஷ்டம். இதைச் சொன்னால் ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கும் யாரும் சிரிக்க மாட்டீர்கள், பேசாமல் தலையாட்டுவீர்கள் என்று எனக்குத் தெரியும். அங்கே படுத்து எழுந்து வீடு திரும்பியவர்களுக்கு வேண்டுமானால் கொஞ்சம் திக்கென்று இருக்கலாம்.

என் ஊர் நகரி. நைனா பவர்லூம் ஓட்டினார், நான் நர்சிங் படித்தேன். முதலில் சித்தூரில் ஒரு தனியார் ஆஸ்பத்திரி, பிறகு திருப்பதியில் இன்னொன்று. இரண்டு இடத்திலும் அதே மருந்து, அதே கட்டில், அதே குளுக்கோஸ் பாட்டில். மேலே உட்கார்ந்திருந்தவர்கள்தான் வேறு. அவர்களுடைய குணம் மாடிப்படி இறங்கி வந்து நோயாளியின் உடம்பு வரைக்கும் போகும் என்று படிக்கும்போது யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை.

நாலு கோடு

சித்தூர் ஆஸ்பத்திரியின் தலைமை டாக்டரை நாங்கள் எல்லாரும் 'பெத்த சார்' என்போம், பெரிய சார் என்று. கைராசிக்காரர். பலமனேரி பக்கமிருந்தெல்லாம் அவருக்காகவே வருவார்கள். ஆனால் அவர் எழுதியது புரியவில்லை என்று போன் போட்டால், பதிலுக்கு முன்னால் ஒரு கேள்வி வரும்: "சதுவுகுன்னாவா லேதா?" படித்தாயா இல்லையா என்று. வார்டே கேட்கிற மாதிரி கேட்பார். அதனால் நாங்கள் ஒரு வழி வைத்திருந்தோம். எழுத்து புரியாவிட்டால் மூன்று நர்ஸ்கள் சேர்ந்து கேஸ் ஷீட்டைப் பார்ப்போம். இரண்டு பேர் என்ன சொல்கிறார்களோ, அதுதான் மருந்து.

ஒரு நாள் காலை, டிபனுக்கு முன்னால், குடிபாலாவிலிருந்து வந்த ஒரு விவசாயிக்கு இன்சுலின் போட வேண்டும். கால் புண்ணுக்காகச் சேர்ந்தவர். பெத்த சார் நாலு என்று எழுதி, யூனிட் என்பதற்கு U என்ற ஆங்கில எழுத்தை மட்டும் பக்கத்தில் போட்டிருந்தார். அந்த எழுத்தின் வாய் மூடிக்கொண்டு பூஜ்யம் மாதிரி இருந்தது. எனக்கு நாற்பது என்று தெரிந்தது. அதிகமாயிற்றே என்று ஒரு நொடி தோன்றியது. போன் வரைக்கும் கை போய்த் திரும்பிவிட்டது. ஊசியை முழுசாக நிரப்பிக்கொண்டு கட்டிலருகே போய் நின்றேன். அந்த மனிதர் சட்டையைத் தூக்கப் போனவர், ஊசியைப் பார்த்துவிட்டு நிறுத்தினார். "ஏம்மா, வூட்ல நான் நாலு கோடு தான் போட்டுக்குவேன், நீ இன்னா ஊசி முழுக்க ரொப்பிக்கினு வர்றே?"

வெள்ளைப் பக்கம்

கேஸ் ஷீட்டை மறுபடி உற்றுப் பார்த்துவிட்டு அவருக்கு நாலு யூனிட் போட்டேன். மீதியைக் கொட்டினேன். அப்புறம் மருந்து அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். தவறுகளை எழுதி வைக்க ஒரு பதிவேடு எங்கள் வார்டில் இருந்தது. நடந்த தவறு மட்டும் இல்லை, நடக்கப் போய்த் தப்பியதையும் அதில் எழுத வேண்டும் என்று விதி. எழுதினால் பெத்த சார் மாதக் கூட்டத்தில் பெயரைப் படித்து எழுந்து நிற்கச் சொல்வார். நான் எழுதவில்லை. கூட வேலை பார்த்தவர்களிடமும் சொல்லவில்லை.

அந்த மாதக் கூட்டத்தில் அவர் பதிவேட்டை எடுத்து ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினார். எல்லாம் வெள்ளையாக இருந்தது. அவர் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷத்தை நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை. பதிவேட்டை எல்லாருக்கும் தெரியும்படி தூக்கிக் காட்டினார். "பாருங்க, நம்ம ஆஸ்பத்திரில தப்பே நடக்கறதில்ல!"

லலிதா

லலிதா புத்தூர்க்காரி. எனக்கு இரண்டு வருஷம் ஜூனியர். டிபன் டப்பாவைத் திறந்தால் முதலில் என் பக்கம்தான் நீட்டுவாள். வெள்ளைப் பதிவேடு பாராட்டு வாங்கிய பத்தாம் நாளோ என்னவோ, பங்காருபாளையத்திலிருந்து வந்த ஒரு அம்மாவுக்கு அவள் இன்சுலின் போட்டாள். அதே கையெழுத்து, அதே வாய் மூடிய எழுத்து. அந்த அம்மாவுக்கு இன்சுலின் புதுசு, எத்தனை கோடு என்று அவருக்கு எப்படித் தெரியும்? அரைமணி, முக்கால் மணி ஆகியிருக்கும். உடம்பெல்லாம் வேர்த்து, பேச்சு குழறி, நினைவு போய்விட்டது. குளுக்கோஸை நரம்பில் ஏற்றி மீட்டெடுத்தோம். சாயந்தரம் அவர் எழுந்து உட்கார்ந்து, "எனக்கு இன்னா ஆச்சு?" என்று கேட்டார்.

பெத்த சார் லலிதாவை ஹாலில் எல்லார் முன்னாலும் நிற்க வைத்துப் பேசினார். அன்றைக்கே வேலையிலிருந்து நீக்கினார். கேஸ் ஷீட்டை யாரும் எடுத்துப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் தெரிந்திருக்கும், அந்த எழுத்து அங்கேயேதான் இருந்தது. சாமான்களை எடுக்க உடை மாற்றும் அறைக்கு வந்தவளிடம், எனக்கும் அப்படித்தான் நடக்கப் பார்த்தது, நோயாளிதான் தடுத்தார் என்று மெதுவாகச் சொன்னேன். ஆறுதல் சொல்வதாக நினைப்பு எனக்கு. அவள் பையை மூடிவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தாள். "அப்ப உனக்கு முன்னாடியே தெரியுமாக்கா?"

முனியம்மா பேசிய நாள்

அந்தக் கேள்விக்கு அப்புறம் எனக்கு அங்கே வேலை ஓடவில்லை. ஆறு மாதத்தில் திருப்பதிக்கு மாறினேன். அங்கே சூப்பரண்டெண்ட் ஒரு பெண் டாக்டர், பெயர் சுஜாதா, எங்களுக்கு மேடம். தினமும் காலை எட்டு மணிக்கு வார்டு நடுவில் எல்லாரையும் நிற்க வைப்பார். டாக்டர், நர்ஸ், ஸ்ட்ரெச்சர் தள்ளுகிறவர், பெருக்குகிறவர், எல்லாரும். உட்கார நாற்காலி கிடையாது. ஐந்து நிமிஷம். ஒரே கேள்வியைத் தெலுங்கில் கேட்பார்: இன்றைக்கு இந்த வார்டில் உங்களுக்கு எதைப் பார்த்தால் பயமாக இருக்கிறது? நாங்கள் தரையைப் பார்த்துக்கொண்டு நிற்போம். அவரும் பேசாமல் நிற்பார். ஐந்து நிமிஷம் முடிந்ததும், "சரி, நாளைக்குக் கேட்கிறேன்" என்று போய்விடுவார். இது எங்களைச் சோதிக்கிற வேலை, வாயைத் திறந்தால் மாட்டிக்கொள்வோம் என்றுதான் எல்லாரும் நினைத்தோம்.

இரண்டாவது வாரம் முனியம்மா பேசினார். கழுவித் துடைக்கிற வேலை அவருக்கு. பெண்கள் கழிப்பறை வாசலில் குழாய் கசிகிறது, எத்தனை தடவை துடைத்தாலும் ஈரம், வயசானவர்கள் வழுக்கி விழுகிறார்கள் என்றார். மேடம் அங்கேயே நின்றபடி பிளம்பரை போனில் கூப்பிட்டார். அவர் வரும் வரைக்கும் அந்த இடத்தை விட்டு நகரவில்லை. பத்து மணிக்குக் குழாய் மாறிவிட்டது. முனியம்மா பக்கெட்டைத் தூக்கிக்கொண்டு என்னைத் தாண்டிப் போகும்போது சொன்னார், "நாலு வருசமா சொல்லிக்கினே கீறேன் சிஸ்டர், இன்னிக்கு தான் ஒருத்தர் காதுல வியுந்திச்சு."

தாமதமாக ஒரு போன்

எனக்கு தைரியம் வர இன்னும் ஒரு மாதம் ஆனது. ஒரு காலைக் கூட்டத்தில், எழுதுகிற விதத்தைப் பார்த்தால் பயமாக இருக்கிறது என்றேன். சித்தூரில் நடந்ததை முழுசாகச் சொன்னேன். நான் நாற்பது நிரப்பியதையும் சொன்னேன், மறைத்ததையும் சொன்னேன். வேலை போகும் என்று நினைத்துக்கொண்டேதான் சொன்னேன். மேடம் கேட்டது இரண்டே கேள்வி. இங்கேயும் அப்படித்தான் எழுதுகிறார்களா? ஆமாம் என்றேன். சந்தேகம் வந்தபோது ஏன் போன் போடவில்லை? பயம் என்றேன். அந்த வாரமே யூனிட் என்று முழு வார்த்தையாகத்தான் எழுத வேண்டும் என்று உத்தரவு போனது. இன்சுலின் அளவை இரண்டாவது நர்ஸ் ஒருவர் பார்த்த பிறகுதான் போட வேண்டும் என்று ஆனது. சந்தேகம் கேட்டு போன் போட்ட நர்ஸைத் திட்டிய ஒரு டாக்டரை மேடம் தன் அறைக்கு அழைத்துப் பேசினார். என்ன பேசினார் என்று தெரியாது. அடுத்த நாளிலிருந்து அவரே போனில் "சொல்லுங்க சிஸ்டர்" என்று ஆரம்பித்தார்.

உத்தரவு போன அன்று வீட்டுக்கு வந்து லலிதாவுக்கு போன் செய்தேன். புத்தூரில் ஒரு கிளினிக்கில் வேலை பார்க்கிறாள். நான் எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டேன், இனிமேல் இங்கே அந்தத் தவறு நடக்காது என்றேன். அவள் சொன்னாள், "நல்லது தான்க்கா. ஆனா நீ சொல்ல வேண்டிய எடம் சித்தூரு."

எந்தப் பக்கம்

கொஞ்ச காலம் என்னை ஆபரேஷன் தியேட்டரில் போட்டார்கள். கத்தி வைக்கிற பக்கத்தில், நோயாளி விழித்திருக்கும்போதே பேனாவால் அடையாளம் போட வேண்டும், அது இல்லாவிட்டால் தியேட்டரில் இருக்கும் யார் வேண்டுமானாலும் நிறுத்தலாம் என்று மேடம் விதி வைத்திருந்தார். நாயுடுபேட்டையில் ஓட்டல் வைத்திருக்கும் ஒருவர் குடலிறக்கத்துக்கு வந்தார். அன்றைய பட்டியலில் இடது என்று இருந்தது. அவர் கையெழுத்துப் போட்ட தாளில் வலது என்று இருந்தது. உடம்பில் அடையாளம் எதுவும் இல்லை. சர்ஜன் சீனியர். அவர் கைகழுவிவிட்டு வந்து நின்றார், மயக்க டாக்டரும் தயார். "சார், அடையாளம் இல்ல" என்றேன். வந்த குரல் எனக்கே கேட்கவில்லை. இன்னொரு தடவை சொன்னேன்.

"நான் எத்தனை வருசமா ஆபரேஷன் பண்றேன் தெரியுமா?" என்றார் அவர். தெரியும் சார் என்று சொல்லி, நகராமல் நின்றேன். மேடத்தை வரச்சொல்லி ஆள் அனுப்பினார். மேடம் வந்து யாரையும் குறை சொல்லவில்லை. "அடையாளம் போட்டுட்டு ஆரம்பிங்க சார், ஐந்து நிமிஷம் ஆகட்டும்" என்றார். சர்ஜன் பேனாவை எடுத்துக்கொண்டு மேசைப் பக்கம் திரும்பி, எந்தப் பக்கம் என்று கேட்டார். நோயாளி வலது பக்கம் கை வைத்துக் காட்டினார். சர்ஜன் வலது பக்கத்தில் பெரிசாக ஒரு அம்புக்குறி போட்டார். படுத்திருந்தவர் எங்கள் மூன்று பேரையும் மாறி மாறிப் பார்த்தார். "வலிக்கறது எனக்குத் தானே சார், முன்னாடியே என்னைக் கேட்டிருந்தா சொல்லிருப்பேனே!"

பாத்துக்கலாம்மா

கத்துகிறவர்கள்தான் ஆபத்து என்று அதுவரை நினைத்திருந்தேன். மேடம் இரண்டு மாதம் விடுப்பில் போனார். அந்த இடத்துக்கு ஒரு டாக்டர் வந்தார். அவ்வளவு நல்ல மனிதரை நான் பார்த்ததில்லை. என்ன கேட்டாலும் "சரிம்மா, பாத்துக்கலாம்" என்பார். திட்டவே மாட்டார். காலைக் கூட்டம் மெல்ல நின்றுபோனது, எங்களுக்கும் சந்தோஷம். ஸ்கேன் அறைப் பக்கத்தில் நிற்கும் ஆக்ஸிஜன் சிலிண்டரைத் திறக்கிற சாவி காணாமல் போயிருந்தது. நான் சொன்னேன். சரிம்மா, பாத்துக்கலாம். அடுத்த வாரம் மறுபடி சொன்னேன். அதே சிரிப்பு, அதே பதில்.

மூச்சுத்திணறலோடு இருந்த ஒரு அம்மாவை ஸ்கேனுக்குக் கொண்டு போனோம். வழியில் ஸ்ட்ரெச்சர் சிலிண்டர் தீர்ந்துவிட்டது. பக்கத்திலேயே நிறைந்த சிலிண்டர் நிற்கிறது, திறக்கச் சாவி இல்லை. ஒருவர் ஐ.சி.யூ.வுக்கு ஓடினார். அவர் திரும்பி வருவதற்குள் அந்த அம்மாவின் உதடு கறுத்துவிட்டது. நான் மூச்சுக் கொடுக்கிற ரப்பர் பையைக் கையால் அழுத்திக்கொண்டே இருந்தேன். சாவி வந்தது, ஆக்ஸிஜன் வந்தது, நிறம் திரும்பியது. அந்த டாக்டர் ஓடி வந்தார். நிஜமாகவே கண் கலங்கிவிட்டது அவருக்கு. நோயாளியின் மகளிடம் இரண்டு கையையும் கூப்பி மன்னிப்புக் கேட்டார். அவர் போன பிறகு அந்தப் பெண் என்னிடம் சொன்னாள், "ரொம்ப நல்லவரா கீறாரு சிஸ்டர், ஆனா சாவிய யாராவது தேடுவாங்களா?"

பெட்ஷீட்

இப்போது நானே ஒரு வார்டுக்கு இன்சார்ஜ். மேடம் திரும்பி வந்து கொடுத்த பொறுப்பு. ஒரு நாள் காலையில் கட்டில் எல்லாம் நிரம்பி, லிஃப்ட் பழுதாகி, எனக்குத் தலைவலி வேறு. திவ்யா என்கிற நர்ஸ் ஒரு கட்டிலுக்கு ஈரமான பெட்ஷீட்டை விரித்துவிட்டாள். எல்லார் முன்னாலும் கத்தினேன். கத்தி முடித்ததும் வார்டு அமைதியாகி, வேலை வேகமாக நடந்தது. நமக்கும் நிர்வாகம் வந்துவிட்டது என்று உள்ளுக்குள் ஒரு திருப்தி கூட.

பதினோரு மணிக்கு ஏழாம் கட்டில் நோயாளிக்கு உடம்பெல்லாம் தடிப்பு. ஒன்பதாம் கட்டிலுக்குப் போக வேண்டிய ஆன்டிபயாடிக்கை திவ்யா அவருக்குப் போட்டிருந்தாள். போட்டது பத்து மணிக்கு, அவளுக்குத் தெரிந்ததும் பத்து மணிக்கே. மாற்று மருந்து கொடுத்து, பக்கத்திலேயே இருந்து பார்த்தோம். மதியம் தடிப்பு அடங்கியது, அவர் சோறு கேட்டார். அப்புறம் திவ்யாவைத் தனியாகக் கூப்பிட்டு, ஒரு மணி நேரம் ஏன் மறைத்தாய் என்று கேட்டேன். அவள் அழவில்லை, நேராகப் பார்த்துத்தான் சொன்னாள். "உடனே சொல்லத் தான் வந்தேன் சிஸ்டர், பெட்ஷீட்டுக்கே அப்டி கத்தினீங்களே, உங்க மூஞ்சியப் பாத்துட்டு திரும்பிப் பூட்டேன்."

இப்போதெல்லாம் டியூட்டிக்கு வந்ததும் முதலில் நோயாளிகளின் சார்ட்டையும், அப்புறம் வாஷ்பேசின் கண்ணாடியில் என் மூஞ்சியையும் பார்த்துக்கொள்கிறேன், முக்கால்வாசி நாள் சார்ட்டுதான் பரவாயில்லாமல் இருக்கிறது.