கண்ணாடிக் கதவில் ஒட்டிய தாள்

இன்று காலை கணினியைத் திறந்து விசிறித் தூசியை ஊதியபோது எழுந்த சூடான வாசம், சேரன்மகாதேவி பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே இருந்த பேச்சியக்காவின் பிரவுசிங் சென்டருக்கே என்னைக் கொண்டுபோய்விட்டது. நான்கு கணினிகள், கிரீச்சிடும் பிளாஸ்டிக் நாற்காலிகள், கரண்ட் போனதும் ஒன்றாக அடங்கும் இரைச்சல். அந்த அமைதியில்தான் எங்கள் சபை கூடும். கேம், ராக்கெட், புதுப் போன் என்று அன்று இணையத்தில் படித்ததை, கரண்ட் வரும்வரை, அவரவர் மற்றவர்களுக்குச் சொல்ல வேண்டும் என்பது அக்கா வைத்த வழக்கம்.

ஒருமுறை அக்காவே, செவ்வாய் கிரகம் நிலா அளவுக்குத் தெரியப்போகிறது என்று சொல்ல, தெருவே ஆற்றுப் படித்துறையில் போய் நின்றது. தெரிந்தது ஒரு சிவப்புப் புள்ளி.

மறுநாள் கண்ணாடிக் கதவில் அக்காவின் கையெழுத்தில் ஒரு தாள்: 'செவ்வாய் பற்றி நான் சொன்னது பொய்ச் செய்தி. விசாரிக்காமல் சொன்னது என் தப்பு. பேச்சி.'

பக்கத்துப் பழக்கடை அண்ணாச்சி, "அதக் கிழிச்சுப் போடு பேச்சி, யாவாரம் கெட்டுரும்" என்றார்.

"கெடட்டும் அண்ணாச்சி. நம்பி வந்தவுக எல்லாரும் படிக்கணும்லா?"

மழையில் நைந்து தானாக விழும்வரை அது அங்கேயே இருந்தது. இப்போது அங்கே ஒரு ஏடிஎம் இருக்கிறது.

நேற்று எங்கள் கேமிங் குழுவில் நான் பகிர்ந்த செய்தி பொய். யாரும் இன்னும் கவனிக்கவில்லை, சத்தமில்லாமல் அழித்துவிடலாம். தூசிக் கையைத் துடைத்துக்கொண்டு, போனில் அந்தச் செய்தியின் கீழே 'இது பொய்ச் செய்தி. விசாரிக்காமல் சொன்னது என் தப்பு' என்று தட்டி, என் பெயரையும் போட்டேன்.