டப்பா வண்டி வாங்கின விலை

எனக்கு முறுக்கு சுடத்தான் தெரியும். வியாபாரத் தந்திரமெல்லாம் என் வீட்டுக்காரருக்குத்தான் தெரியும் என்று அவரே சொல்லிக்கொள்வார். அந்தத் தந்திரம் எங்களை எங்கே கொண்டுபோய் நிறுத்தியது என்பதைச் சொல்கிறேன், கேளுங்கள்.

வெள்ளைக்காரப் பட்டாளம் பெங்களூரை விட்டுப் போய்க் கொஞ்ச காலம் ஆகியிருந்தது. பட்டாளத்து மெஸ்ஸில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த என் வீட்டுக்காரரின் வேலையும் அதோடு போய்விட்டது. மர்பி டவுனில் எங்களுக்கு ஒற்றை அறை வீடு, வாசலில் அடுப்பு. ஊருக்கு வெளியே இருந்த ஒரு பெரிய ஃபாக்டரியின் கேன்டீனுக்கு முறுக்கு கொடுக்கும் ஆர்டர் எனக்குக் கிடைத்திருந்தது. விடியற்காலையில் சுடுவேன். சட்டியிலிருந்து எடுத்த சூட்டோடு மூங்கில் கூடைகளில் அடுக்கி, மேலே துணி போட்டுத் தள்ளுவண்டியில் வைப்பேன். அவர் தள்ளிக்கொண்டு ஓடுவார். அந்த ஆர்டர்தான் எங்கள் சோறு, துணி, வாடகை எல்லாம்.

மழைதான் எங்களுக்குச் சத்துரு. பெங்களூர் மழை சொல்லிக்கொண்டா வருகிறது? இரண்டு தடவை கூடை நனைந்து, முறுக்கு களியாகப் போய்ச் சேர்ந்தது. கேன்டீன் சூப்பர்வைசர் கன்னடக்காரர், நல்ல மனுஷன்தான், ஆனாலும் என்னை நேரில் கூப்பிட்டுச் சொல்லிவிட்டார். "நோடம்மா, இன்னொரு சல இப்படி வந்துச்சுன்னா ஆர்டர் பந்த். பேரே, வேற ஆளுக்குக் கொடுத்துடுவேன்."

அன்றிலிருந்து அடுப்பு மூட்டுவதற்கு முன்னால் வானத்தைத்தான் பார்ப்பேன்.

அப்போதுதான் என் வீட்டுக்காரர் அந்த வண்டியைப் பார்த்துவிட்டு வந்தார். அல்சூர் தாண்டி ஒரு பாய், பட்டாளம் கழித்துப் போட்ட சாமான்களை வாங்கி விற்றுக்கொண்டிருந்தார். அவருடைய கொட்டகையில் ஒரு டிரெய்லர் நின்றது. ஜீப்புக்குப் பின்னால் மாட்டி இழுக்கிற ஜாதி. நாலு பக்கமும் தகரம், மேலேயும் தகரம், பின்னால் ஒரு கதவு. கதவைச் சாத்தினால் எறும்பு நுழையாது. இழுக்க எங்களிடம் ஜீப் இல்லையே என்று கேட்டேன். "மாடு இருக்குதே" என்றார். எங்களிடம் மாடும் இல்லை.

ஆனாலும் நேரில் பார்த்தபோது எனக்கும் ஆசை வந்துவிட்டது. மழையில் என் முறுக்கு ராணி மாதிரி உள்ளே உட்கார்ந்துகொண்டு போகுமே!

இங்கேதான் தந்திரம் வந்தது. "ரெண்டு பேரும் ஒண்ணாப் போனா, பொஞ்சாதியையே இட்டுக்கினு வந்துட்டான், ரொம்ப ஆசைன்னு பாய் கண்டுக்குவாரு" என்றார் என் வீட்டுக்காரர். "நீ முன்னாடி போ. யாரோ மாதிரி நின்னு வண்டியைக் குறை சொல்லு. விலை இறங்கும். அப்பால நான் வந்து கேக்குறேன். அங்க என்னை உனக்குத் தெரியாது, உன்னை எனக்குத் தெரியாது. திரும்பி வரும்போதும் தனித்தனிதான்."

"தெரிஞ்சு மட்டும் இன்னாத்தைக் கண்டேன்" என்றேன். ஆனாலும் போனேன்.

குறை சொல்வது எனக்குக் கைவந்த கலை. சக்கரம் கோணல், தகரம் துரு, கதவு கிறீச்சென்கிறது, இதைச் சும்மா கொடுத்தாலும் எவன் வாங்குவான் என்று வெளுத்து வாங்கினேன். பாய் தாடியைத் தடவிக்கொண்டு கேட்டார். நான் நிறுத்தியதும், "அரே அம்மா, வாங்காத ஆளு இத்னி குறை சொல்லாது. சொல்லுங்க, எத்னி கொடுப்பீங்க?" என்றார்.

அந்த பாய் வாயால் விலை பேசமாட்டார். மாட்டுச் சந்தைத் தரகர்கள் மாதிரி துண்டைப் போட்டு, அதற்கடியில் விரலைப் பிடித்துத்தான் பேச்சு; ஒரு விரலுக்கு இவ்வளவு ரூபாய் என்று கணக்கு. சுற்றி நிற்கிறவனுக்கு ஒன்றும் தெரியாது. ஆனால் பொம்பளை கையைப் பிடிப்பாரா? என்னை உள்ளே திரைக்குப் பின்னால் அனுப்பிவிட்டார். அங்கே அவருடைய பீவி உட்கார்ந்திருந்தார். அந்தம்மா தன் முந்தானையை என் கை மேல் போட்டார். வேறு வழியில்லாமல், நடக்கவே நடக்காத விலையாக இரண்டு விரலைக் கொடுத்தேன். விலையை இறக்கத்தானே வந்திருக்கிறேன்!

கொஞ்ச நேரத்தில் பாய் திரைக்கு அந்தப் பக்கமிருந்து குரல் கொடுத்தார். "அம்மா, வெளியே ஒரு பார்ட்டி வந்திருக்கு. உங்களை விட ஜாஸ்தி கேக்குது. க்யா கர்னா, இன்னா செய்றது?"

எவனோ ஒருத்தன் என் வண்டியைக் கொத்திக்கொண்டு போகப் பார்க்கிறான்! என் வீட்டுக்காரரோ பேசத் தெரியாத மனுஷன், இன்னும் வந்து சேர்ந்தாரோ இல்லையோ. ஆர்டர் போச்சு, சோறு போச்சு. முந்தானைக்கடியில் ஒரு விரலைக் கூட்டினேன். பாய் போனார், வந்தார். "அந்த பார்ட்டி இன்னும் ஏறுது அம்மா." எனக்குக் கோபம் தலைக்கேறியது. அவன் கட்டையில போக, அவன் வீட்டில் அடுப்பு எரியாமல் போக என்று திட்டிக்கொண்டே இன்னும் விரலைக் கூட்டினேன்.

அந்தக் கட்டையில போறவன் யார் என்று இனி நான் சொல்ல வேண்டுமா? வாசலில் துண்டுக்கடியில் கையை விட்டுக்கொண்டு, உள்ளே இருக்கிற பார்ட்டியை வாய்க்கு வந்தபடி ஏசிக்கொண்டிருந்த என் வீட்டுக்காரர்தான். பாய் மேல் குற்றமில்லை. தெரியாதவர்கள் என்று நடித்தது நாங்கள்.

விரல் தீர்ந்துபோனது, பணமெல்லாம் என் வீட்டுக்காரரிடம்; நான் கழுத்தில் கை வைத்தேன். கோத்திருந்த தாலியை மட்டும் கழற்றி முந்தானையில் முடிந்துகொண்டு, என் அம்மா போட்ட தங்கச் சங்கிலியைப் பீவியின் மடியில் வைத்தேன். வெளியே என் வீட்டுக்காரர் தன் சைக்கிளையும் சேர்த்துக் கொடுப்பதாகச் சொல்லிப் பார்த்தாராம். சைக்கிளாவது சங்கிலிக்கு ஈடாவதாவது! வண்டி எனக்கு முடிந்தது.

ஒரு ஜோடி மாட்டை வாடகைக்குப் பிடித்து, வண்டியைக் கயிற்றால் கட்டி வீட்டுக்கு இழுத்துக்கொண்டு வந்தேன். தெருவே கூடிவிட்டது. என் வீட்டுக்காரர் வாசலில் தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தார். நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"போச்சுமே. எவனோ ஒரு படுபாவி உள்ள உக்காந்துக்கினு ஏத்தி விட்டுட்டான். நாசமாப் போவான்" என்றார்.

"என்கிட்டயும் ஒரு கேப்மாரி வெளிய நின்னு ஏத்துனான்யா" என்றேன் நான்.

அப்புறம் அவர் நிமிர்ந்து வண்டியைப் பார்த்தார். என் கழுத்தைப் பார்த்தார். நான் அவர் முகத்தைப் பார்த்தேன். இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் புரிந்தது. மாட்டுக்காரன் கூலியைக் கேட்டுக்கொண்டே நிற்கிறான், நாங்கள் வாயைத் திறக்கவில்லை. பிறகு நான் திறந்தேன். அன்று நான் பேசியதை இங்கே சொல்ல முடியாது.

அவர் கையில் மிஞ்சியிருந்த பணத்தில் சங்கிலியை மீட்டுவிடலாம் என்றுதான் நினைத்தோம். ஆனால் ஜீப்புக்குச் செய்த வண்டி மாட்டுக்கு ஒத்து வருமா? நுகத்தடி மாட்ட இரும்பு வேலை, டயருக்கு ஒட்டு, மாட்டுக்கு வாடகை என்று அதுவும் கரைந்தது.

முதல் நாள் வானம் துடைத்துவிட்ட மாதிரி இருந்தது. ஒரு சொட்டு மழை இல்லை. சூட்டோடு கூடைகளை உள்ளே ஏற்றி, கதவை இறுக்கிச் சாத்திப் பெருமையாக நானும் கூடவே போனேன். கேன்டீன் வாசலில் கதவைத் திறந்தேன். குப்பென்று ஆவி முகத்தில் அடித்தது. தகரத்தின் உட்பக்கமெல்லாம் வியர்த்து, முறுக்கின் மேல் சொட்டிக்கொண்டிருந்தது. இத்தனை நாள் திறந்த வண்டியில் காற்றுப் பட்டுத்தான் என் முறுக்கு ஆறியது என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

சூப்பர்வைசர் ஒன்றை எடுத்தார். அது வளைந்தது. ஒடியவே இல்லை. "மழையே இல்லையேம்மா!" என்றார். நிஜமாகவே பயந்துபோனவர் மாதிரி வண்டியைச் சுற்றிப் பார்த்தார். நான் அழுதுவிட்டேன். "நாளைக்கு ஒரு நாள் பாக்குறேன், அஷ்டே, அவ்வளவுதான்" என்றார்.

வீட்டில் ஆற வைக்க இடம் கிடையாது. ஒரே வழிதான் இருந்தது. என் வீட்டுக்காரர் உளியும் சுத்தியலும் எடுத்துக்கொண்டு வந்து வண்டி முன்னால் நின்றார். கை எழவில்லை. "உன் சங்கிலிமே இது" என்றார். "குடுய்யா இங்க" என்று பிடுங்கி முதல் ஓட்டையை நானே போட்டேன். ஓட்டையே இல்லை என்றுதானே இதை வாங்கினோம் என்று நினைக்க நினைக்கச் சிரிப்பும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. பிறகு அவரும் சேர்ந்துகொண்டார். ஒவ்வொரு ஓட்டைக்கு மேலும் ஒரு தகரத் துண்டைத் தாழ்வாரம் மாதிரி சரித்து வைத்து அடித்தார்.

மறுநாள் கொட்டோ கொட்டென்று கொட்டியது. மாடு நனைந்தது, நாங்கள் தொப்பலாக நனைந்தோம். கேன்டீனில் சூப்பர்வைசர் ஒரு முறுக்கை எடுத்துக் கடித்தார். மொறுக்கென்ற சத்தம் எங்களுக்கே கேட்டது. இன்னொன்றை எடுத்துக்கொண்டார். "ஆர்டர் இருக்கட்டும்" என்றார். பிறகு வண்டியைத் தட்டிப் பார்த்து, "ஒள்ளே டப்பா, நல்லா இருக்கு. எவ்வளவு ஆச்சு?" என்று என் வீட்டுக்காரரைக் கேட்டார்.

அந்த மனுஷனுக்கு எங்கிருந்து அந்த ஜம்பம் வந்ததோ! "சல்லிசாத்தான் கிடைச்சுது சார். நம்மகிட்ட எவன் ஏமாத்த முடியும்?" என்றார்.

"சல்லிசா? இதைப் பாருங்க சார்" என்று ஈர முந்தானையை விலக்கிக் கழுத்தைக் காட்டினேன். தாலியோடு மஞ்சள் கயிறு ஒன்றுதான் இருந்தது, மழையில் சாயம் இறங்கிக்கொண்டு.

சூப்பர்வைசர் தலையைத் திருப்பிக்கொண்டார். என் வீட்டுக்காரர் ஏதோ சொல்லப் போனார். அத்தனை பேர் முன்னால் தேம்பித் தேம்பி அழுதார். அவர் அழுது அதற்குமுன் நான் பார்த்ததில்லை.

"ஆர்டர்தான் தங்கிடுச்சே, இப்ப இன்னாத்துக்கு அழுவுற?" என்று அதட்டினேன். காலிக் கூடைகளை உள்ளே தள்ளி, அவரையும் உள்ளே ஏறி உட்காரச் சொல்லிவிட்டு, மாட்டை நான் ஓட்டினேன்.