நாமத்தோடு ஒரு சவாரி

மோட்டார் சைக்கிளில் ஊர் சுற்றினேன் என்று சொன்னால் இன்றைக்கு யாரும் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்கள். நான் சுற்றிய ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபதுகளில், நாகர்கோவிலில் அந்தச் சத்தம் கேட்டால் கடைக்காரர்கள் தராசைப் போட்டுவிட்டு வாசலுக்கு வருவார்கள். வண்டி என்னுடையதல்ல, பெரியப்பா மகனுடையது. மலைத்தோட்டத்துத் துரை ஒருவர் கப்பலேறும்போது விற்றுவிட்டுப் போனது. அண்ணன் மிஷன் பள்ளிக்கூடத்தில் வாத்தியார். எனக்குக் கருப்பட்டி வியாபாரம்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனையை விட்டு அவர் அசையமாட்டார் என்பதால் சனிக்கிழமைதான் எங்களுக்கு. அவித்த மரச்சீனிக் கிழங்கையும் மீன்கறியையும் தூக்குவாளியில் எடுத்துக்கொண்டு காலையிலேயே கிளம்பிவிடுவோம். உதயகிரிக் கோட்டைக்குள் டச்சுத் தளபதியின் கல்லறைக்குப் பக்கத்தில் படுத்துத் தூங்கியிருக்கிறோம். சிதறால் மலையேறி, பாறையில் சிலையாக வரிசையில் உட்கார்ந்திருக்கும் சமணர்களைப் பார்த்து, இவர்கள் என்ன சாதியாக இருக்கும் என்று வாதாடியிருக்கிறோம். எனக்குப் பிடித்தது வட்டக்கோட்டை. மதில்மேல் உட்கார்ந்தால் கடல் காலடியில் வந்து மோதும்.

வட்டக்கோட்டைக்குப் போகிற வழியில்தான் அந்தத் தெரு இருந்தது. ஊர்ப் பெயரைச் சொல்லமாட்டேன். அன்றைக்கு எல்லா ஊரும் ஒரே லட்சணம்தான். பெரிய கோயில், சுற்றிலும் அகலமான தெருக்கள், தெருமுனையில் ஒரு பலகை. இன்னின்ன சாதிக்காரர் இதற்கு மேல் வரக்கூடாது என்று அதில் எழுதியிருக்கும். எங்கள் சாதியும் அதில் உண்டு. எங்கள் என்றால் அண்ணனுக்கும் எனக்கும்தான். ஒரே தாத்தாவின் பேரன்கள் நாங்கள். ஆனால் பெரியப்பா குடும்பம் வேதத்தில் சேர்ந்து கிறிஸ்தவர்களாகிவிட்டது. வேதக்காரரை அந்தப் பலகை தடுக்காது. நாங்கள் அய்யாவழி. நெற்றியில் வெள்ளை நாமம் இட்டு, தலைப்பாகை கட்டி அய்யாவைக் கும்பிடுகிறவர்கள். ஆக, பலகை எனக்கு மட்டும்.

அங்கே வந்ததும் நான் இறங்குவேன். அண்ணன் தெரு வழியாகப் படபடவென்று போய்விடுவார். நான் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு வயல்வரப்பில் சுற்றி, முழங்கால் வரை சேறோடு மறுமுனையில் வந்து ஏறிக்கொள்வேன். திரும்பும்போதும் இதே கூத்து. கொஞ்ச நாள் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தோம். பிறகு, சிரிக்கிறவர் அவர் மட்டும்தான் என்று எனக்கு உறைத்தது.

ஒரு சனிக்கிழமை பலகைப் பக்கத்தில் வண்டி நின்றது. நான் இறங்கவில்லை.

"லேய், எறங்கு."

"எறங்க மாட்டேன்."

அண்ணன் திரும்பிப் பார்த்தார். பையிலிருந்து கைக்குட்டையை எடுத்து நீட்டினார். "அந்த நாமத்தத் தொடச்சிட்டுச் சும்மா இரி மக்கா. வண்டியில வாறவன் வேதக்காரன்னு காவக்காரன் நெனச்சிக்கிடுவான். நீ ஒண்ணும் பேசாண்டாம்."

நல்ல எண்ணத்தில்தான் நீட்டினார். அதுதான் எனக்கு இன்னும் ஆத்திரமாக இருந்தது.

"பெரியப்பா வேதத்துல சேந்தது அவரு மனசுக்குப் பட்டு. நான் ஒரு தெருவுக்காவ நெத்தியத் தொடைக்கணுமா? நீரா இருந்தா தொடைப்பீரா அண்ணே?"

அவர் கைக்குட்டையைப் பைக்குள் திணித்தார். அதற்குள் காவல்காரர் மரத்தடியிலிருந்து எழுந்து வந்துவிட்டார்.

"சாரே, நீங்க போவலாம். இவன் எறங்கணும்."

"இவன் எனக்க சித்தப்பா மவன்," என்றார் அண்ணன். "எங்க ரெண்டு பேருக்க அப்பன்மாரும் ஒரே வயித்துல பொறந்தவங்க. இவன் போனா தெரு தீட்டுன்னா, நான் போனதும் தீட்டுதான். இத்தன நாளும் என்ன விட்டது நீருதான். கோயில்ல போய்ச் சொல்லட்டா?"

காவல்காரர் முகம் வெளுத்தது. இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "இப்ப ஆளில்ல. விருட்டுன்னு போயிருங்க."

அண்ணன் வண்டியை விரட்டப் போனார். நான் தோளைப் பிடித்தேன். "எதுக்கு விருட்டுன்னு போவணும்? நாம என்ன களவாணியா? மெள்ளப் போவும்."

மெள்ளத்தான் போனோம். பயமே இல்லை என்றால் அது பொய். ஆனாலும் தலைப்பாகையைச் சரிசெய்துகொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தேன். வயலிலிருந்து உச்சி மட்டுமே தெரிந்த கோபுரம் அன்றைக்குத்தான் அடியோடு தெரிந்தது. அந்த வேகம் வண்டிக்கு ஒத்துவரவில்லை. நடுத்தெருவில் இரண்டு முறை குலுங்கி நின்றுவிட்டது. அண்ணன் உதைத்தார். மறுபடியும் உதைத்தார். கதவுகள் திறந்தன. நாலைந்து பேர் வெளியே வந்து, என் நெற்றியைப் பார்த்ததும் கத்தத் தொடங்கினார்கள்.

"கால கீழ வச்சிராதல," என்று அண்ணன் முணுமுணுத்தார்.

நான் இறங்கி நின்றேன்.

கத்தினார்களே தவிர, ஒருவரும் கிட்டே வரவில்லை. என்னைப் பிடித்துத் தள்ள வேண்டுமானால் என்னைத் தொட வேண்டும். தொட்டால் அவர்களுக்குத் தீட்டு. "காவக்காரன் எங்கல?" என்று ஒருவர் அலறினார். காவல்காரர் போன இடம் தெரியவில்லை. பெருக்கித் தண்ணீர் தெளித்த தெரு என் காலுக்குக் கீழே குளிர்ந்து கிடந்தது. அண்ணன் வியர்த்து ஒழுகியபடி மறுபடி உதைத்தார். இஞ்சின் லேசாக இருமியது. இன்னும் கொஞ்ச நேரம் அது கிளம்பாமல் இருக்க வேண்டும் என்று நான் அய்யாவை வேண்டிக்கொண்டேன்.