மதலேனாக்கா காது வைக்காத டெலிபோன்

பக்கத்து வீட்டில் போன வாரம் புதிதாக டெலிபோன் பூட்டினார்கள். எங்கள் தெருவுக்கே அது முதல் டெலிபோன். அதனால் அயலுக்கெல்லாம் வட்டிலப்பமும் தேத்தண்ணியும் கிடைத்தன. தபால் கந்தோரில் வேலை பார்த்தவன் என்று என்னையும் எடுத்துப் பார்க்கச் சொன்னார்கள். நான் எடுத்தேன். எடுத்து மூக்கில் வைத்து மணந்தேன். பேரப்பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். "அப்பப்பா, அது காதில வெக்கிறது!"

எனக்குத் தெரியாதா? ஆனால் என் மூக்குக்கு வேறு டெலிபோன்தான் தெரியும். கறுத்த ரப்பர், ஊரார் வாயின் வெற்றிலை, சுவரில் ஊறிய உப்பு எல்லாம் கலந்த ஒரு வாடை அதற்கு உண்டு. பக்கத்து வீட்டுக்காரரின் டெலிபோனில் ஒரு வாசமும் இல்லை.

வெள்ளைக்காரன் ஆண்ட கடைசிக் காலம் அது. கற்பிட்டிப் பக்கத்தில் ஒரு சிறிய தபால் கந்தோரில் நான் புதிதாகச் சேர்ந்திருந்த கிளாக்கர். டெலிபோன் சுவரில் இருந்தது. பேசுகிற குழல் சுவரோடு ஒட்டியிருக்கும். காதில் வைப்பது தனியாக வயரில் தொங்கும். ஒருவர் பேச இன்னொருவர் கேட்கலாம். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், என் கதையே இதில்தான் இருக்கிறது. பொட்டல் கழுதைகள் முதுகு சொறியத் தந்திக் கம்பங்களில் உரசினால் எங்கள் காதுக்குள் இடி இடிக்கும். கொழும்பிலிருந்து பேசுகிறவர்களிடம் "கொஞ்சம் பொறுங்க சேர், கழுதை" என்று சொன்ன அரச ஊழியன் இலங்கையில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

அந்தக் கழுதைகளைத் தாண்டி வந்த குரல்களில் ஒன்று கபிரியேல் மாஸ்டருடையது. கொழும்பு கொட்டாஞ்சேனையில் நாடகம் போடுகிறவர். எங்கள் பக்கத்துத் தலவில் கோயில் பெருநாளுக்கு வந்த இடத்தில், ஒரு சாவு வீட்டில் எங்கள் ஊர்க் கரையில் வலை பொத்திப் பிழைத்த மதலேனாக்கா ஒப்பாரி வைத்ததைக் கேட்டிருக்கிறார். தன் புது நாடகத்தில் கடலில் மகனைப் பறிகொடுத்த தாய்க்கு அவதான் பாட்டுக் கட்டித் தர வேண்டும் என்று பிடிவாதம். அக்காவுக்கு எழுதத் தெரியாது. அதனால் சனிக்கிழமை காலைகளில் டெலிபோன். அவ பாட, அவர் அங்கே எழுதிக்கொள்வதாக ஏற்பாடு.

மதலேனாக்கா முதல் நாள் காதுக் குழலை வைத்துப் பார்த்துவிட்டுச் சட்டென்று என் கையில் தந்துவிட்டா.

"இதுக்குள்ள கடல் இரையுது தம்பி. நான் கேக்க மாட்டன். நீ கேட்டுச் சொல்லு."

அவவின் புருஷன் கடலுக்குப் போய்த் திரும்பாதவர். நான் குழலை என் காதில் வைத்துக்கொண்டேன். அன்றிலிருந்து மாஸ்டர் சொல்வதை நான் கேட்டுச் சொல்வேன், அக்கா சுவரைப் பார்த்து அவருக்குப் பதில் சொல்லுவா. எனக்கோ உள்ளுக்குள் ஒரு நடிப்பு ஆசை. கொழும்பு மாஸ்டரின் காதில் என் குரல் விழுகிறதே என்று அவர் சொன்னதை ஏற்ற இறக்கத்தோடு உருக்கிச் சொன்னேன். வயரில் சத்தம் வந்தது.

"தம்பி, நீர் நடிக்க வேண்டாம். சொன்னதை மட்டும் சொல்லும்."

என் நாடக வாழ்க்கை அத்தோடு முடிந்தது.

அக்கா கேட்ட முதல் கேள்வி, "பிள்ளைட பேர் என்ன?"

"நாடகம்தானே, ஏதாவது ஒரு பேரைப் போட்டுப் பாடச் சொல்லும்."

"பேரில்லாத பிள்ளைக்கு அழ ஏலாது மாஸ்டர்."

சூசை என்று வைத்தார். எத்தனை வயது, என்ன விருப்பமாகத் தின்பான் என்று அக்கா கேட்டுக்கொண்டே போனா. சீனி தொட்ட பேக்கரிப் பாண் என்றார். அடுத்த சனி அக்கா பாடியது அவருக்கும் பிடிக்கவில்லை, அவவுக்கும் பிடிக்கவில்லை. "பிள்ள இன்னும் கிட்ட வரல்ல" என்றா. மறுபடியும் கேள்விகள். மாஸ்டரின் பதில்கள் வர வர நீண்டன. பையனுக்கு முன் பல் பாதி உடைந்தது. மாங்காய் மரத்தால் விழுந்து உடைந்தது. அந்த ஓட்டையால் விசில் அடிப்பான், கோயிலுக்குள்ளும் அடித்து அடி வாங்குவான். மோதரைக் கரையில் கூட்டாளிகளோடு குளிக்கப் போனான்.

"அப்ப தாய் என்ன செய்துகொண்டு இருந்தா?" என்று அக்கா கேட்டா.

"கடலுப்புப் போக மேலில வார்க்க அடுப்பில தண்ணி காய வெச்சுக்கொண்டு இருந்தா."

"ஆர் பிள்ளையக் கடைசியாக் குளிப்பாட்டினது?"

பிறகு அவர் சொன்னதை நான் திருப்பிச் சொன்னேன்.

"ஒருத்தரும் இல்லையாம். உடம்பு கிடைக்கல்லையாம்."

என்ன கற்பனை என்று நான் வியந்துபோய் நின்றேன். கலைஞன் என்றால் இப்படியல்லவா இருக்க வேண்டும்! அக்கா வாங்குப் பலகையில் போய் இருந்துகொண்டா. அவவின் முகம் வெளுத்திருந்தது.

"தம்பி, அது நாடகத்துப் பிள்ள இல்ல. அவர் பெத்த பிள்ள."

"சும்மா இருங்கக்கா. நாடகக்காரர் எல்லாத்தையும் இட்டுக்கட்டுவாங்க."

"இல்லாத பிள்ளைக்கு ஆரும் பல்லு உடைக்க மாட்டாங்க."

அன்று பின்னேரம் முழுக்க எனக்கு வேலை ஓடவில்லை. கடற்கரைப் பக்கம் எந்தப் பையன் விசில் அடித்தாலும் எழும்பிப் போய்ப் பார்த்தேன்.

அடுத்த சனி அக்கா வெள்ளைச் சேலையில் வந்தா. மாஸ்டர் வணக்கம் சொல்வதற்குள் சுவரை நெருங்கி நின்று, மெதுவாக, சண்டைக்கு நிற்காத குரலில் சொன்னா:

"மாஸ்டர், பிள்ளைட சரியான பேரச் சொல்லுங்க. அந்தப் பேருக்குத்தான் பாடுவன்."

என் காதில் ஒரு கதிரை இழுபட்ட சத்தம் கேட்டது. கோபத்தில் வைத்துவிடுவார் என்றுதான் நினைத்தேன். பிறகு, அதுவரை நான் கேட்டிராத சின்னக் குரலில் ஒரு சொல் வந்தது. அதை நான் உரத்துச் சொல்ல வேண்டியிருந்தது.

"லோரன்ஸ்."

அக்கா இரண்டு கையையும் சுவரில் வைத்துக்கொண்டு பாடினா.

"சீனி தொட்ட பாண் இருக்கு, தின்ன வாடா லோரன்சு,
சூடு தண்ணி ஆறுதடா, சுருக்க வாடா என் ராசா,
விசிலடிச்ச வாய்க்குள்ள வெள்ளம் வந்து நின்றதுவோ,
வீட்டு வழி மறந்தியோடா, விளக்கு வெச்சுப் பாத்திருக்கன்..."

முத்திரை வாங்க வந்தவர்கள் வாசலிலேயே நின்றுவிட்டார்கள். என் காதுக்குள் ஒரு ஆண் அழுதார். நாடகத்தில் அழுகிற அழுகை இல்லை. மூச்சுத் திணறி, நடுநடுவே இருமி, அசிங்கமாக அழுதார். கதைக்கும் நேரம் எப்போதோ முடிந்திருந்தது. ஆனால் புத்தளத்து எக்ஸ்சேஞ்சில் இருந்த பெண் லைனை வெட்டவில்லை. அவளும் மூக்கை உறிஞ்சியது எனக்குக் கேட்டது.

"என்ன சொல்றார் தம்பி?"

"அழுறார்."

"அழட்டும்" என்றா அக்கா. "இவ்வளவு காலமும் அழாம இருந்திருக்கார் மனுசன்."

பிறகு ஒரே ஒரு முறை அவர் பேசினார். அந்தப் பாட்டை நாடகத்தில் வைக்கப் போவதில்லை என்றார். அக்காவுக்குக் கோபம் வரவில்லை. "நல்லது. அது சனத்துக்குப் பாடினதில்ல" என்றா. அப்படியென்றால் தாய் மேடையில் என்ன செய்வா என்று மட்டும் கேட்டா. "தெரியல்ல, யோசிக்கிறன்" என்றார் மாஸ்டர். அதற்குப் பிறகு ஜப்பான்காரன் கொழும்பில் குண்டு போட்டான். கம்பியெல்லாம் பட்டாளத்தின் கைக்குப் போனது. சனிக்கிழமைகளில் டெலிபோன் அடிக்கவேயில்லை.

எனக்குக் கலியாணமான புதிதில் ஒரு நாள் காலையில் மனைவி கேட்டாள், "ஆரு அது லோரன்ஸ்? நித்திரையில கூப்பிடுறீங்க." நான் கண்டிராத பிள்ளை. அவனை என் வாயால் கூப்பிட்டிருந்தேன், அவ்வளவுதான்.

யுத்தம் முடிந்த பிறகு கொழும்புக்குப் போனபோது கொட்டாஞ்சேனையில் விசாரித்தேன். மாஸ்டர் குண்டுக்குப் பயந்து இந்தியாவுக்குக் கப்பலேறியவர், பிறகு தகவல் இல்லை. நாடகம் நடந்த மண்டபம் அரிசிக் கிட்டங்கி ஆகியிருந்தது. ஆனால் அவருக்கு உடுப்புத் தைத்த ஒரு தையற்காரர் இருந்தார். நாடகம் குண்டு விழ முந்தி ஒரு தரம் மேடையேறியதாம். "கடைசிக் காட்சியில பாட்டே இல்ல, தம்பி. தாய்க்காரி அடுப்பில தண்ணிய வெச்சிட்டு வாசலப் பார்த்துக்கொண்டு இருந்தா. திரை விழும் மட்டும் அவ்வளவுதான். சனம் கை தட்டவுமில்ல, எழும்பவுமில்ல."

ஊருக்கு வந்ததும் முதலில் மதலேனாக்காவிடம் போய்ச் சொன்னேன். வலையின் கிழிசலைப் பொத்திக்கொண்டு இருந்தவ கையை நிறுத்தினா. ஊசியைப் பக்கத்தில் வைத்துவிட்டுக் கேட்டா:

"உண்மையான நெருப்பா தம்பி? தண்ணி கொதிச்சுதா?"

அதை நான் கேட்காமல் வந்துவிட்டேன். அடுத்த முறை கேட்டுச் சொல்கிறேன் என்றேன். அடுத்த முறை போனபோது தையற்காரர் மௌத்தாகிவிட்டிருந்தார். பிறகு அக்காவும் போனா. அவவின் வாடிக் குடிசை இருந்த இடத்தில் இன்று இறால் வளர்க்கிறார்கள். மேடையில் அந்தத் தண்ணீர் கொதித்ததா என்று சொல்ல இப்போது எங்கும் ஒருவரும் இல்லை.